யூனிட்டுக்கு எத்தனை மைல்? எலெக்ட்ரிக் பிக்கப் டிரக்கின் ரேஞ்சும் கரண்ட் செலவும்

நாமக்கல்லில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். முப்பது வருஷம் லாரி வைத்து ஓட்டியவர். நான் மிச்சிகனில் பழைய எலெக்ட்ரிக் பிக்கப் டிரக் ஒன்று வாங்கியதும் வாட்ஸ்அப்பில் அவருக்குப் போட்டோ அனுப்பினேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விலை கூடக் கேட்கவில்லை. "ஒரு யூனிட்டுக்கு எத்தன மைல் ஓடுது கண்ணு?" என்றுதான் பதில் வந்தது.

இங்கே இந்த டிரக்கைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது வேறு: "ஒருதடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?" அந்தத் தூரத்தைத்தான் ரேஞ்ச் என்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் மாமாவின் கேள்விக்கு விடை தெரிந்தால் தூரமும் தெரியும், செலவும் தெரியும். இரண்டாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டு வண்டி வாங்குகிறவர்கள் ஜனவரி மாதத்தில் சாலையோரச் சார்ஜர் பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் நின்றிருக்கிறேன்.

முதலில் யூனிட். எலெக்ட்ரிக் வண்டி என்றாலே கிலோவாட் மணி என்று ஒரு சொல்லைப் போட்டு மிரட்டுவார்கள். ஈ.பி. கார்டில் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் அதே யூனிட்தான் அது. 2,000 வாட் கீசரை அரை மணி நேரம் போட்டுவைத்தால் ஒரு யூனிட். பேட்டரி எத்தனை யூனிட் கொள்ளுமோ அதுதான் வண்டியின் டேங்க் அளவு.

என்னுடையது ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 2022-ல் விற்பனைக்கு வந்த மாடல். அதில் இரண்டு அளவில் பேட்டரி உண்டு: சின்னது 98 யூனிட், பெரியது 131 யூனிட். என்னிடம் இருப்பது பெரியது. டெஸ்லாவின் சைபர்டிரக் 123 யூனிட் வாக்கில். செவர்லே சில்வராடோ எலெக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 200 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தார்கள் அல்லவா, என் வண்டி அதை ஒரே ராத்திரியில் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும்.

அம்மாடி இவ்வளவு பெரிய பேட்டரியா என்று தோன்றும். ஆனால் ஒரு அமெரிக்க காலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலில் இருக்கும் சக்தி 33.7 யூனிட். அப்படிப் பார்த்தால் என் 131 யூனிட் பேட்டரி நான்கு காலன் பெட்ரோலுக்குக் கூட ஈடாகாது. இதே எஃப்-150 பெட்ரோல் வண்டியில் 23 காலன் முதல் 36 காலன் வரை டேங்க் வருகிறது. நான்கு காலனுக்கும் குறைவான சக்தியை வைத்துக்கொண்டு 300 மைல் போவது மோட்டாரின் சாமர்த்தியம். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கொடுத்ததில் முக்கால்வாசியை வெப்பமாக வெளியே தள்ளிவிடும். மோட்டார் அப்படி வீணடிக்காது.

கையிருப்பு குறைவு என்பதால் காற்று, குளிர், பாரம் என்று எது வந்தாலும் உடனே தெரிந்துவிடும். பெட்ரோல் வண்டியும் குளிரில் அதிகம் குடிக்கிறது, பாரம் இழுத்தாலும் அதிகம் குடிக்கிறது. அடுத்த பங்க்கில் ஐந்து நிமிஷத்தில் நிரப்பிக்கொண்டு போய்விடுவதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் இருக்கும் 320

புது வண்டியின் கண்ணாடியில் விவரம் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பெரிய பேட்டரி லைட்னிங்கின் ஸ்டிக்கரில் 320 மைல் என்று போட்டிருக்கும். சுமார் 515 கிலோமீட்டர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறைப்படி அளந்த எண் அது. பொய் இல்லை. ஆனால் எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டியைச் சாலையில் ஓட்டி அளப்பதில்லை. கூடத்துக்குள் உருளைகள் மேல் நிறுத்தி, நகர ஓட்டம் ஒன்று, நெடுஞ்சாலை ஓட்டம் ஒன்று என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த நெடுஞ்சாலை ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், சராசரி 48. கிடைக்கும் தூரம் கொஞ்சம் அதிகப்படி என்று அவர்களுக்கே தெரியும். அதனால் பெரும்பாலும் 30 சதவீதம் போலக் கழித்துவிட்டு, நகரத்துக்கு 55 பங்கு, நெடுஞ்சாலைக்கு 45 பங்கு என்று கலந்து ஸ்டிக்கரில் போடுகிறார்கள்.

320-ஐ 131-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 2.4 மைல், அதாவது 3.9 கிலோமீட்டர். மாமாவுக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான். அவர் சிரித்தார். டாடா ஏஸ் எலெக்ட்ரிக், நம்ம குட்டி யானைதான், 2022-ல் வந்தது. 21.3 யூனிட் பேட்டரி, சான்றிதழ் ரேஞ்ச் 154 கிலோமீட்டர். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். அங்கே சோதனை முறை வேறு, வண்டியின் வேகமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் "அப்ப உன்னுது பெரிய யானை" என்று அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த டிரக் 6,000 பவுண்டுக்கு மேல் எடை, முகம் சுவர் மாதிரி.

அந்தச் சுவர்தான் பிரச்சினை. வேகம் கூடக் கூட காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 மைலில் போகிறவர் 75-க்கு ஏற்றினால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, காற்றுத் தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. எங்கள் பக்கத்து ஐ-94 சாலையில் வேக வரம்பு 70, ஆனால் இடது தடத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் 75-க்கு மேல்தான். என் வண்டியில் கோடைக்காலத்தில் ஊருக்குள் யூனிட்டுக்கு 2.4, சில நாள் 2.5 கூட வரும். 65-ல் நிதானமாகப் போனால் 2.2. 75-ல் போனால் 1.8. அப்படியென்றால் 320 மைல் வண்டி 235 மைல் வண்டியாகிவிட்டது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் பலரையும் குழப்பும். டேஷ்போர்டில் "இன்னும் 290 மைல்" என்று காட்டுகிறதே, அது அளந்து சொல்வதில்லை. கடந்த சில நாள் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்று பார்த்துவிட்டு வண்டி போடும் ஒரு குத்துமதிப்பு. வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை நெடுஞ்சாலையில் ஏறினால் அந்த எண் உங்கள் கண் முன்னாலேயே சரியும். நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பேட்டரி சதவீதமும், டிரிப் மீட்டரில் வரும் யூனிட்டுக்கு மைல் கணக்கும் போதும்.

குளிர்

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் ஐந்து எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்தது. 20 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது மைனஸ் 7 டிகிரி செல்சியஸில், ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது ரேஞ்ச் 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம். அதாவது குளிரால் பேட்டரி சோம்பிப்போவது ஒரு பங்கு என்றால், நம்மைச் சூடாக வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிசு. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையே உள்ளே திருப்பிவிடுகிறோம், இலவசம். இதில் அந்த வெப்பத்தையும் பேட்டரியில் இருந்துதான் எடுக்க வேண்டும். 2024 மாடலில் இருந்து லைட்னிங்கில் ஹீட் பம்ப் வந்துவிட்டது, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும் கருவி, அது கொஞ்சம் சிக்கனம். என்னுடையது அதற்கு முந்தையது.

ஒரு ஜனவரிச் சனிக்கிழமை மிச்சிகனின் கேன்டனில் இருந்து சிகாகோவுக்குக் கிளம்பினோம். சுமார் 260 மைல். நண்பர் வீட்டில் பொங்கல். பேட்டரி 100 சதவீதம், வெளியே 15 டிகிரி ஃபாரன்ஹீட், மேற்கே இருந்து எதிர்காற்று. ஆன் ஆர்பர் தாண்டும்போதே யூனிட்டுக்கு 1.35 என்று காட்டியது. மனக்கணக்கு போட்டேன்: 131 பெருக்கல் 1.35, 177 மைல். கோடையில் பென்டன் ஹார்பர் வரை போய் ஒரே நிறுத்தத்தில் முடிக்கிற பயணம் இது. பென்டன் ஹார்பர் 165 மைல். போய்ச் சேரலாம்தான், ஆனால் ஏழு சதவீதத்தோடு, அதுவும் எதிர்காற்று வலுக்காமல் இருந்தால். வேண்டாம் என்று காலமசூவிலேயே நிறுத்திவிட்டோம்.

அங்கே நான்கு சார்ஜர். ஒன்றின் திரை செத்துக் கிடந்தது. ஒன்று கார்டை வாங்கிக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் செருகினால் 48 கிலோவாட், அதாவது மணிக்கு 48 யூனிட் ஏறும் வேகம். என் வண்டி 150 வரை வாங்கும். சார்ஜரைத் திட்டினேன், ஆனால் பாதித் தப்பு என்னுடையது. குளிர்ந்த பேட்டரி வேகமாக வாங்காது. கிளம்பும்போதே வண்டியின் மேப்பில் அந்தச் சார்ஜிங் ஸ்டேஷனைப் போக வேண்டிய இடமாகப் போட்டிருந்தால், வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கி வைத்திருக்கும். நான் போனில் மேப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் சிகாகோ போய்ச் சேர்ந்தோம். பொங்கல் ஆறிப்போயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் நீளப் பயணத்தைவிடச் சின்னச் சின்ன ஓட்டங்கள்தான் மோசம். நாலு மைலில் பள்ளிக்கூடம், மூன்று மைலில் கடை என்று ஐந்து தடவை கிளம்பினால் ஐந்து தடவையும் வண்டியை முதலில் இருந்து சூடாக்க வேண்டும். அந்த மாதிரி வாரங்களில் எனக்கு 1.2 கூட வந்திருக்கிறது. காலையில் ஏழரைக்குக் கிளம்புவேன் என்று வண்டியில் நேரத்தைப் பதிந்துவிட்டால், சார்ஜரில் செருகியிருக்கும்போதே வீட்டுக் கரண்டில் சூடாகிக்கொள்ளும். பேட்டரி மிச்சம். சீட் ஹீட்டரும் நல்லது, முதுகுக்குச் சூடு கிடைத்துவிட்டால் மொத்த கேபினையும் 74 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றத் தோன்றாது.

லோடு ஏத்துனா?

மாமாவின் இரண்டாவது கேள்வி இது. டிரக் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

ஏ.ஏ.ஏ. 2023-ல் லைட்னிங்கின் பின்தொட்டியில் 1,400 பவுண்டு, சுமார் 635 கிலோ, மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தது. வெறும் வண்டி 278 மைல் ஓடியது. லோடோடு 210. கால்பங்கு போயிற்று. ஆனால் அவ்வளவு பாரத்தைத் தினமும் தொட்டியில் சுமக்கிறவர்கள் குறைவு. நிஜமான அடி டிரெய்லர் இழுக்கும்போதுதான்.

வாடகைக்கு எடுத்த ஒரு மூடிய டிரெய்லரில் சோபா, கட்டில், ஃபிரிட்ஜ் என்று வீட்டுச் சாமான் ஏற்றி இழுத்தேன். யூனிட்டுக்கு 0.95 மைல். அதாவது முழு பேட்டரிக்கு 125 மைல். சாமான் எடை ஒன்றும் பிரமாதம் இல்லை. லைட்னிங் தக்க சாதனங்களோடு 10,000 பவுண்டு வரை இழுக்கும், அதில் பாதிகூட இல்லை. மோட்டாரும் அலட்டிக்கொள்ளவில்லை, மேட்டில்கூட மூச்சு வாங்காமல் ஏறியது. தின்றது காற்றுதான். டிரெய்லரின் முகம் டிரக்கைவிட உயரம். இதை மாமாவிடம் விளக்கத் தொடங்குவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "வைக்கோல் லோடு மாதிரி. எடையே இருக்காது, ஆனா வண்டி டீசல் குடிக்கும்." அதேதான். தாழ்வான படகு டிரெய்லரை இழுத்தால் இவ்வளவு மோசமாக இருக்காது.

இதோடு ஒரு தொந்தரவும் சேரும். நெடுஞ்சாலைச் சார்ஜர்கள் பெரும்பாலும் கார் நிறுத்தும் கட்டத்தின் முன்னால்தான் நட்டு வைத்திருக்கின்றன. பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற முடியாது. டிரெய்லரை மழையில் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, சார்ஜ் போட்டுவிட்டு, திரும்ப மாட்ட வேண்டும். அடிக்கடி நூறு மைலுக்கு மேல் டிரெய்லர் இழுக்கிறவர்களிடம் நான் இந்த வண்டியைச் சிபாரிசு செய்வதில்லை.

நூற்றில் எழுபதுதான் பயணத்துக்கு

மேலே சொன்ன தூரமெல்லாம் 100-ல் தொடங்கி பூஜ்யம் வரை ஓட்டினால் கிடைப்பது. நீளப் பயணத்தில் வீட்டில் இருந்து கிளம்பும் முதல் கட்டம் மட்டும்தான் 100-ல் தொடங்கும். அதற்கப்புறம் 10 சதவீதத்தில் சார்ஜருக்குள் நுழைவோம், 80-ல் பிடுங்கிக்கொண்டு கிளம்புவோம். ஏன் 80? பேட்டரி நிரம்புவது தியேட்டர் நிரம்புவது மாதிரி. காலியாக இருக்கும்போது கூட்டம் தடதடவென்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். படம் போட்ட பிறகு வருகிறவர் இருட்டில் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். லைட்னிங்கில் 15-ல் இருந்து 80 வரை ஏற சுமார் 41 நிமிஷம் என்கிறது ஃபோர்டு. மிச்சமிருக்கும் 20 சதவீதத்துக்கு ஏறக்குறைய அதே நேரம் காத்திருக்க வேண்டும்.

ஆக சாலையில் நம் கையில் இருப்பது 131-ல் எழுபது சதவீதம், 92 யூனிட். கோடையில் 75 மைல் வேகத்தில் 1.8 என்றால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே 165 மைல். ஜனவரியில் 1.35 என்றால் 124. டிரெய்லரோடு 87. வண்டி வாங்கும் முன் நீங்கள் அடிக்கடி போகும் ஊர்களுக்கு இந்த மூன்று எண்களையும் போட்டுப் பாருங்கள். சில்வராடோ மாதிரி 200 யூனிட் வண்டியில் இதே கணக்கு ரொம்பச் சௌகரியமாக வரும், 350 கிலோவாட் வரை வேகமாகவும் ஏறும். ஆனால் அந்தப் பெரிய பேட்டரிக்கான விலையையும் எடையையும் தினமும் சுமக்க வேண்டும், இருபது மைல் ஆபீசுக்குப் போகும்போதும்.

கரண்ட் பில்

வீட்டில் சார்ஜ் போடுவது வீட்டுச் சாப்பாடு, நெடுஞ்சாலைச் சார்ஜர் ஓட்டல் சாப்பாடு. வயிறு நிறைவது ஒன்றுதான், பில் வேறு.

ஸ்டிக்கர் கணக்குப்படி லைட்னிங் 100 மைலுக்குச் சுமார் 48 யூனிட் எடுக்கும். கவனமாகப் படிக்கிறவர்கள் இங்கே நிறுத்திக் கேட்பார்கள்: 320 மைலுக்கு இந்தக் கணக்கில் 154 யூனிட் ஆகிறதே, பேட்டரியே 131 தானே? மீதி 23 சார்ஜ் ஏறும்போது சிந்துவது. வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டி.சி.யாக (நேர்திசை) மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். மின்கம்பெனி மீட்டரைப் பார்த்துத்தான் காசு வாங்கும், பேட்டரியைப் பார்த்து அல்ல. அதனால் வீட்டில் ஏற்றும் செலவுக் கணக்குக்கு 48-ஐத்தான் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரத்தின் சராசரி விலை 2025-ல் யூனிட்டுக்கு 17 சென்ட் வாக்கில் இருந்தது. 100 மைலுக்கு 8 டாலர் 16 சென்ட். பெட்ரோல் எஃப்-150 காலனுக்கு 20 மைல் கொடுத்து, காலன் 3 டாலர் 20 சென்ட் என்றால் 100 மைலுக்கு 16 டாலர். பாதிக்குப் பாதி லாபம். ராத்திரி விலை குறைவாக இருக்கும் திட்டத்துக்கு மாறிக்கொண்டால் இன்னும் குறையும். பல மின்கம்பெனிகளில் அது உண்டு, போன் போட்டுக் கேட்டால் போதும்.

இப்போது ஓட்டல். நெடுஞ்சாலை வேகச் சார்ஜர்களில் யூனிட் 45-ல் இருந்து 60 சென்ட் வரை போகிறது. 55 என்று வைத்துக்கொள்வோம். அங்கே சார்ஜ் போடும் நாளில் நாம் 75-ல் ஓட்டிக்கொண்டிருப்போம் என்பதால் 100 மைலுக்கு 55 யூனிட் ஆகும். 30 டாலர். பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு! எலெக்ட்ரிக் என்றாலே மலிவு என்று நம்பியவர்களுக்கு இது முதல் பயணத்திலேயே உறைக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். வருஷத்துக்கு 12,000 மைல், அதில் 15 சதவீதம் நெடுஞ்சாலைச் சார்ஜரில். வீட்டில் ஏற்றிய 10,200 மைலுக்கு 832 டாலர். வெளியே ஏற்றிய 1,800 மைலுக்கு 545 டாலர். மொத்தம் 1,377. பெட்ரோல் வண்டிக்கு 1,920 ஆகியிருக்கும். லாபம்தான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓட்டத்தில் 15 சதவீதம் பில்லில் 40 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. வெளியே ஏற்றும் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் பெட்ரோலோடு ஒப்பிட்டு மிச்சம் எதுவுமே இருக்காது. அடுக்ககத்தில் குடியிருந்துகொண்டு, சொந்தச் சார்ஜர் இல்லாமல் இந்த டிரக்கை வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

எந்த மாநிலம் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் வீட்டு யூனிட்டே 30 சென்ட்டுக்கு மேல். ஆனால் அங்கே பெட்ரோலும் நாடு முழுக்க உள்ள சராசரியைவிட அதிகம் என்பதால் வீட்டில் சார்ஜ் போடுகிறவர் தப்பித்துக்கொள்வார். டெக்ஸாஸில் எலெக்ட்ரிக் வண்டிக்குப் பதிவுக் கட்டணத்தோடு வருஷத்துக்கு 200 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள், பெட்ரோல் வரி கட்டாததற்குப் பதிலாக. டயரும் சீக்கிரம் தேயும், இந்த எடைக்கு அது சகஜம். ஆயில் மாற்றும் செலவு இல்லை.

சூப்பர்சார்ஜர் என்று பெயர் வைத்த டெஸ்லாவின் வேகச் சார்ஜர்கள் 2024 பிப்ரவரி கடைசியில் ஃபோர்டு வண்டிகளுக்கும் திறந்துவிடப்பட்டன. பெரிய நிம்மதி. ஆனால் லைட்னிங்கில் சார்ஜ் வாய் இடது முன் சக்கரத்துக்கு மேல் இருக்கிறது, டெஸ்லா கேபிளோ குட்டை. பல இடத்தில் பக்கத்துக் கட்டத்தையும் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். டெஸ்லாக்காரர்கள் முறைப்பார்கள், கண்டுகொள்ளக் கூடாது.

வீட்டு பிளக்

அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் போட்டால் மணிக்கு 1.4 யூனிட்தான் ஏறும். காலி பேட்டரி நிரம்ப நான்கு நாள். சின்ன காருக்கு அது ஓடும். இந்த யானைக்குப் போதாது, குளிர்காலத்தில் அந்தக் கரண்டில் பெரும் பங்கு பேட்டரியைச் சூடாக வைத்திருக்கவே போய்விடும். 240 வோல்ட் வேண்டும். 50 ஆம்ப் சாக்கெட் போட்டால் தொடர்ந்து 40 ஆம்ப் எடுக்கலாம், மணிக்கு 9.6 யூனிட். தினம் 40 மைல் ஓட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டின் மெயின் போர்டு தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துக் கணக்குப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். போர்டையே மாற்ற வேண்டி வந்தால் செலவு சில ஆயிரம் டாலர் ஏறிவிடும். அதற்குப் பதில் சார்ஜரை 24 ஆம்பில் ஓடும்படி அமைத்துக்கொண்டாலே பலருக்குப் போதும்.

சாக்கெட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். கடையில் பத்து டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த மின்சார அடுப்பு சாக்கெட்டை வாங்கிக் கொடுத்து மாட்டச் சொன்னேன். அடுப்பு அரை மணி நேரம் எரியும், அணையும். டிரக் எட்டு, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். மூன்றாவது மாதம் கராஜில் ஏதோ பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. பிளக்கைப் பிடுங்கினால் கை சுட்டது. ஒரு துளையைச் சுற்றிக் காபிக் கறை மாதிரிப் பழுப்பு, ஓரம் உருகி வழிந்திருந்தது. அப்புறம் தொழிற்சாலைத் தரத்தில் ஒன்று வாங்கி மாட்டினேன். விலை ஐந்து மடங்கு. இன்றுவரை சூடாகவில்லை. முதலிலேயே சாக்கெட் இல்லாமல் சார்ஜரை நேராக ஒயரில் இணைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்களா

புது எலெக்ட்ரிக் வண்டிக்கு அமெரிக்க மத்திய அரசு கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு நின்றுவிட்டது. டிசம்பரில் ஃபோர்டும் லைட்னிங் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இனி தேடுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரன்டி உண்டு, அதில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். சார்ஜ் முழுக்க இருக்கும்போது திரையில் காட்டும் மைலைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது முந்தைய ஓனர் ஆக்சிலரேட்டரை மிதித்த விதத்தைப் பற்றிச் சொல்கிறது, பேட்டரியைப் பற்றி அல்ல. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, நெடுஞ்சாலையில் 70-ல் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். முடிந்தால் போகும்போதும் வரும்போதும், காற்றின் திசை சரிக்கட்டிப் போகும். யூனிட்டுக்கு எத்தனை மைல் என்று காட்டும். அதைப் பேட்டரி அளவால் பெருக்குங்கள், அதில் எழுபது சதவீதம் எடுங்கள். அவ்வளவு தூரம் உங்களுக்குப் போதுமா?

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. சாயங்காலம் குரல் செய்தி வந்தது. "எல்லாம் சரிதான் கண்ணு. அந்த நாப்பது நிமிசம் சும்மா உக்காந்திருப்பீங்களே, அதுக்கு டீச்செலவு சேத்துனயா?"

சேர்க்கவில்லை. காலமசூவில் அன்றைக்கு நான்கு பேருக்குக் காபியும் சாண்ட்விச்சும் 38 டாலர் ஆகியிருந்தது. அந்த நிறுத்தத்தில் வண்டி குடித்ததைவிட நாங்கள் ஒரு சாண்ட்விச் விலைதான் குறைவு.